மோர் டம்ளரைக் கீழே வை முதலில்!

ஏம்மா, டாக்டர் சிப்ரோஃப்ளாக்சசின் ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்திருக்கிறார், காலை 8, ராத்திரி 8. சரி. கையில் என்ன அது, மோரா? கீழே வை. தண்ணீர் எடு.

1. டம்ளர் பால், மோரோடு இதை விழுங்காதே. அதிலுள்ள கால்சியம் மருந்தைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். ரத்தத்தில் சேர வேண்டியது சேராது. அதற்காகச் சாப்பாட்டில் தயிரே தொடக்கூடாது என்றில்லை. சோறு, குழம்போடு கொஞ்சம் தயிர் இருந்தால் குடிமுழுகிவிடாது.

2. கால்சியம், அயர்ன், ஜிங்க் மாத்திரைகள், நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஜெலுசில் எல்லாமே அதே கோஷ்டிதான். நீயோ எல்லா மாத்திரையையும் உள்ளங்கையில் கொட்டி ஒரே மடக்கில் விழுங்குகிற ஆள்! இவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ, 6 மணி நேரம் கழித்தோதான் சிப்ரோ போட வேண்டும். கணக்குப் போட நேரமில்லையா? எட்டுக்கு எட்டு சிப்ரோ என்றால், மற்றதை மதியம் 12 மணிக்குப் போட்டுவிடு. வேலை முடிந்தது.

3. காபியைக் குறை. காபியிலுள்ள கஃபீனைக் கல்லீரல் வெளியேற்றுவதை இந்த மாத்திரை தாமதமாக்கும். நான் மூன்று டம்ளர் குடித்துவிட்டு, நெஞ்சு படபடக்க விடிய விடிய ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

4. சர்க்கரைக்கு கிளிமிபிரைடு சாப்பிடுகிறாயா? சிப்ரோவும் சேர்ந்தால் சர்க்கரை சட்டென இறங்கலாம். கை நடுங்கி வியர்த்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் குடி. இந்த நாட்களில் வேளை தவறாமல் சாப்பிடு. 'பிறகு பார்த்துக்கலாம்' கதையெல்லாம் வேண்டாம்.

5. தசைப்பிடிப்புக்குத் தரும் டைசானிடின் இதோடு கூடவே கூடாது. ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தக்கசிவு அபாயம் கூடும். டாக்டரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

6. வலிப்பு, மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசை பலவீன நோய் உள்ளவர்கள் வாயைத் திறந்து சொல்லியே ஆக வேண்டும். இரண்டையும் இது கிளப்பிவிடலாம். 60 வயது தாண்டியவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள் தசைநாரைக் கவனிக்க வேண்டும். குதிகாலுக்கு மேலே சுரீரென வலித்தால், 'நாலடி நடந்தால் சரியாகும்' என்று இருக்காதே. மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டருக்கு போன் போடு.

மீந்த நாலு மாத்திரையை மாமியாருக்கு எடுத்துக் கொடுக்கிற தர்மமும் வேண்டாம்.

இத்தனை பெயர் யாருக்கு ஞாபகம் இருக்கும் என்கிறாயா? வீட்டிலிருக்கும் மாத்திரை அட்டைகளை எல்லாம் இப்போதே போனில் படம் எடுத்து வை. அடுத்த முறை டாக்டர் பேனாவை எடுக்கும் முன் அதைக் காட்டு.