இரண்டாவது காமிரா

பொதிகை மலையிலே தோன்றிப் புன்னைக்காயலிலே கடலொடு கலக்கும் தண்பொருநை, ஏறத்தாழ 125 கிலோமீட்டர் நீளமே உடைய சிற்றாறு. ஆயினும், அச்சிறு தொலைவிற்குள் மழைமேகம் தவழும் சோலைக்காடு, பாபநாசத்து அருவி, நெல்வயல், பனங்காடு, பறவைகள் குழுமும் குளம் ஆகிய இத்தனையும் அடங்கியிருக்கின்றன. காலையிற் காட்டையும் மாலையிற் குளத்தையும் ஒரே நாளிற் படம்பிடிக்கலாம் என்னும் ஆசையை எவர்க்கும் ஊட்டுவது இப்பள்ளத்தாக்கு. அவ்வாசையோடு புறப்பட்டவனுக்கு விரைவில் ஓர் ஐயம் எழும். ஒரு காமிரா போதுமா? போதாதெனின், இரண்டாவது எத்தகையதாக இருத்தல் வேண்டும்?

இவ்வினாவை ஆராயுமுன், திருநெல்வேலியிலே 1912-ஆம் ஆண்டு பிறந்த ஒருவரை நினைத்துக்கொள்வோம். அவர், 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன். காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளைப் படங்களாகவே எடுத்து, கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் 1950 முதல் 1996-இல் தாம் மறையும் வரையிலும் இயற்கையைப்பற்றி எழுதிவந்த பெருமகனார் அவர். அவருடைய காமிரா கடையில் வாங்கியபடியே இருந்ததன்று. உடல் ஒரு நிறுவனத்தது. தொலைவிலுள்ளதை அண்மையிற் காட்டும் லென்ஸ் வேறொரு நிறுவனத்தது. ஏனைய உறுப்புகளையும் தாமே இணைத்துக்கொண்டார். 'சூப்பர் பாண்டரோசா' என்று அதற்கு வேடிக்கைப் பெயரும் இட்டார். இ. பி. ஜீ என்னும் இயற்கையறிஞர், 1964-இல் வெளியான தம் நூலிலே இக்கருவியை நகைச்சுவையோடு வருணித்துள்ளார். கிருஷ்ணன் தம் தேவையை முதலில் அறிந்தார். பின்னரே கருவியைத் தேடினார். நம்மில் பலர் இதனைத் தலைகீழாகச் செய்கின்றோம்.

என் அனுபவம் ஒன்றைக் கூறுகிறேன். நாங்குநேரிப் பகுதியிலுள்ள கூந்தன்குளம், மணிமுத்தாற்று நீரைக் கால்வாய்வழியாகப் பெறுவது. 1994-இல் பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. ஊர்மக்கள் தம் தெருமரங்களிலேயே நாரைகளைக் கூடுகட்ட விட்டுக் காத்துவருகின்றனர். ஒரு வைகாசி மாலை, கரையில் நின்று, வானமும் நீரும் ஒன்றாகத் தோன்றும் காட்சியை அகன்ற கோண லென்ஸாற் படம்பிடித்துக்கொண்டிருந்தேன். திடீரென மஞ்சள்மூக்கு நாரைகள் கூட்டமாக எழுந்தன. லென்ஸைக் கழற்றி மற்றொன்றைப் பூட்டுவதற்குள் அவை பனங்காட்டிற்கு அப்பால் மறைந்தன. அஃதோடு போயிற்றா? மேல்காற்று வீசிய புழுதி திறந்திருந்த காமிராவினுள் புகுந்தது. அன்று பின்னர் எடுத்த படங்களிலெல்லாம் வானத்தின் ஒரே இடத்தில் கறுப்புப் புள்ளி!

ஆகவே, இரண்டு உடல்கள் வேண்டுமென்பதற்கு முதற் காரணம் லென்ஸை வெளியில் மாற்றாதிருத்தல். அடுத்த காரணம், பறவையும் நிலக்காட்சியும் வேண்டுவன வெவ்வேறாக இருத்தல். பறக்கும் நாரைக்கு ஒரு விநாடியில் ஆயிரத்திலொரு பங்கு நேரமே கதவு திறந்து மூடவேண்டும். அகத்தியர் அருவியைப் பட்டு நூல்போற் காட்ட விரும்பினாலோ அரை விநாடியும், காமிரா அசையாதிருக்க முக்காலியும் தேவை. ஒரே கருவியில் இவ்வமைப்புகளை மாற்றி மாற்றித் திருப்புவோன் ஏதேனும் ஒன்றை மறந்தே தீருவான்.

இனி, எத்தகைய உடல் என்பது. பிலிம் இருந்த இடத்தில் இன்று சென்சார் என்னும் ஒளியுணர் தகடு இருக்கிறது. பெரிய தகடு 36 மில்லிமீட்டர் அகலமும் 24 மில்லிமீட்டர் உயரமும் உடையது. சிறியதன் அகலம் ஏறத்தாழ 23.5 மில்லிமீட்டர். 400 மில்லிமீட்டர் லென்ஸைச் சிறிய தகட்டோடு சேர்த்தால், பெரிய தகட்டில் 600 மில்லிமீட்டர் லென்ஸ் காட்டும் அளவான காட்சிப்பரப்பே கிட்டும். விலையும் சுமையும் குறைய, எட்டிய பறவை கிட்டத் தோன்றும். எனவே குளக்கரைக்குச் சிறிய தகடு ஏற்றது. ஆனால், முண்டந்துறைச் சோலையின் மங்கிய வெளிச்சத்திற் சோலைமந்தியைப் படம்பிடிக்கையில், இரு மடங்கிற்கும் மேற்பட்ட பரப்புடைய பெரிய தகடே இருளின் கறைகளைக் குறைத்துக் காட்டும். அதாவது, இடத்திற்கேற்ப லென்ஸ்கள் உடல் மாறவேண்டும்!

இதனாலேதான், இரண்டாவது உடல் முதலாவதன் லென்ஸ்களை ஏற்கும் வாயுடையதாக இருத்தல் இன்றியமையாதது என்கிறேன். வேறு நிறுவனத்தின் உடலை, புதியது, புகழ்பெற்றது என்று வாங்கினால், லென்ஸ்களையும் மறுபடி வாங்க நேரும். உடலினும் நல்ல லென்ஸே விலைமிக்கது. பல உடல்கள் பழுதான பின்னும் உழைப்பது. ஒரே மின்கலம் இரண்டிற்கும் பொருந்துமாயின் காட்டிலே அது பேருதவி. பொத்தான்களின் இடமும் ஒத்திருந்தால், விடியற்கருக்கலில் விரல் தடுமாறாது.

பணம் குறைவாயின், ஒருவர் பயன்படுத்திய பழைய உடலை வாங்குவதில் இழுக்கொன்றுமில்லை. வெள்ளைச் சுவரையோ தெளிந்த வானத்தையோ லென்ஸின் துளையை மிகச் சுருக்கி ஒரு படம் எடுத்துப் பாருங்கள். தகட்டிற் படிந்த தூசியும் கீறலும் அப்படத்தில் வெளிப்பட்டுவிடும். கதவு எத்தனை முறை இயங்கியுள்ளது என்பதையும் விற்பவரிடம் கேட்டறிக. இயங்கும்போது ஓசை மிகுமாயின், அக்கருவி கூட்டிலிருக்கும் பறவைக்கு ஆகாது.

கருவி இரண்டாயினும் காடு நம்முடையதாகிவிடாது. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்திற் படமெடுக்க நுழைவதற்கு இசைவு பெறவேண்டும்.

நான், என் லென்ஸ்களை ஏற்கும் சிறிய தகட்டுப் பழைய உடல் ஒன்றை வாங்கினேன். மறு தையில் கூந்தன்குளக் கரையில், தோளின் ஒருபுறம் அதுவும் மறுபுறம் முதற் காமிராவும் தொங்க நின்றேன். கூழைக்கடா ஒன்று குஞ்சுக்கு இரையூட்ட வந்திறங்கியது. அன்று லென்ஸ் எதனையும் கழற்றவில்லை.