வாலிபரின் இலட்சியமும் அன்றாடக் கடமையும்

படிப்பை முடித்து வேலைக்குப் போகத் தொடங்கிய பிள்ளை வீட்டில் இருந்தால், உறவினர் வரும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுவது நிச்சயம்: "அடுத்து என்ன செய்வதாக உத்தேசம்?" பிள்ளையும் ஏதோ ஒரு பதில் சொல்லி வைப்பான். சர்க்கார் உத்தியோகத்துக்குப் பரீட்சை எழுதப் போகிறேன் என்பான், வெளிநாடு என்பான், சொந்த வீடு என்பான். இவற்றில் எதுவும் தவறல்ல. ஆனால் இவை யாவும் என்றோ ஒருநாள் போய்ச் சேர வேண்டிய இடங்களே. அந்த நாள் வரும் வரையில் கழிய வேண்டிய ஆயிரக்கணக்கான காலைகளும் மாலைகளும் எதற்காக? இதற்குப் பதில் தெரியாதபடியால்தான், நல்ல சம்பளம் வாங்கும் வாலிபரும் யுவதிகளும்கூட, "நாட்கள் ஓடுகின்றன, ஒன்றும் நடந்தபாடில்லை" என்று மனம் சலித்துப் போகிறார்கள்.

ஆகவே இவ்வாரம் நாம் ஆராய வேண்டியது இதுதான்: இலட்சியம் என்றால் என்ன? அது நம் தினசரி வாழ்வில் எங்கே குடியிருக்கிறது? இதை வெறும் உபதேசமாகச் சொல்லாமல், மயிலாப்பூரில் பிறந்து அடையாற்றில் உழைத்த ஒரு பெண்மணியின் வாழ்க்கையை முன்வைத்துப் பார்ப்போம்.

இரண்டு வாசல்கள்

டாக்டர் வி. சாந்தா 1927 மார்ச் 11-ம் தேதி மயிலாப்பூரில் பிறந்தார். நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. ராமனும் எஸ். சந்திரசேகரும் அவருடைய உறவினர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1949-ல் மருத்துவப் பட்டம் பெற்றார், மேற்படிப்பும் முடித்தார். சர்க்கார் தேர்வாணையப் பரீட்சையில் தேறி, மகளிர் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் அவருக்கு வேலையும் கிடைத்தது. அந்நாளில் பெண் வைத்தியர் என்றால் பிரசவ வைத்தியம் பார்ப்பார் என்பதே ஊரின் எண்ணம். நிரந்தர உத்தியோகம், நல்ல பெயர், பெற்றோருக்குப் பெருமை: எல்லாம் அந்த ஒரு வாசலில் காத்திருந்தன.

அதே சமயம் அடையாற்றில் இன்னொரு வாசல் திறந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். இந்நோய்க்கென்று தனி ஆஸ்பத்திரி ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அவர் மனத்தில் வேரூன்றியது. பல ஆண்டு முயற்சிக்குப் பின் 1954 ஜூன் 18-ல் புற்றுநோய் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. ஒரே கட்டடம், 12 படுக்கைகள். முத்துலட்சுமி ரெட்டியின் குமாரர் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தி தலைமை ஏற்றார்.

சாந்தா இந்த இரண்டாவது வாசலைத் தேர்ந்துகொண்டார். சுற்றியிருந்தவர்களுக்கு ஆச்சரியம், சிலருக்குக் கோபமும்கூட. புற்றுநோய் என்றாலே மரணம் என்று ஊரார் எண்ணிய காலம் அல்லவா அது? 1955 ஏப்ரல் 13-ம் தேதி, 28-வது வயதில், அவர் அந்த ஆஸ்பத்திரி வளாகத்திலேயே குடியேறினார். மாதச் சம்பளம் ரூ. 200. 2021 ஜனவரி 19-ல், 93-வது வயதில் மரணமடையும் வரை அவருடைய ஜாகை அந்த வளாகம்தான்.

இதிலிருந்து கற்க வேண்டிய மூன்று பாடங்கள்

முதலாவது: இலட்சியம் என்பது பதவியல்ல. "என்னவாக ஆகப் போகிறேன்?" என்று கேட்பவனுக்குப் பதவியின் பெயர் பதிலாகக் கிடைக்கும். "யாருக்கு உதவப் போகிறேன்?" என்று கேட்பவனுக்கு மனிதர்களின் முகங்கள் பதிலாகக் கிடைக்கும். சாந்தா சர்க்கார் பதவியில் சேர்ந்திருந்தாலும் டாக்டர்தான், சேராதபோதும் டாக்டர்தான். வேற்றுமை பட்டத்தில் இல்லை. எவரை வேறு யாரும் ஏற்கத் தயங்கினார்களோ, அந்த நோயாளிகளைத் தம்முடையவர்களாக ஏற்றதில்தான் இருக்கிறது.

இரண்டாவது: பெரிய தீர்மானம் ஒருநாள் வேலை, அதைக் காப்பது ஒவ்வொரு நாளின் வேலை. இந்த ஆஸ்பத்திரியில் 1980-களின் தொடக்கத்தில் சென்னை மாநகருக்கான புற்றுநோய்ப் பதிவேடு ஒன்று ஏற்படுத்தப்பட்டது. நோயாளியின் வயது என்ன, இருப்பிடம் எது, உடலில் எந்த இடத்தில் நோய், எப்போது கண்டுபிடிக்கப்பட்டது என்று ஒவ்வொன்றாகக் குறித்து வைப்பதே அதன் வேலை. ஒருநாள் குறிப்பைப் பார்த்தால் அற்பமாகத் தோன்றும். அவை ஆண்டுக்கணக்கில் சேர்ந்த பிறகோ, இந்நகரில் எந்தப் புற்றுநோய் கூடுகிறது, எது குறைகிறது என்று அறிய அவையே ஆதாரம். குறித்து வைக்க உட்கார்ந்தவருக்கு அந்த வேளை பெரிய வேளையாகத் தோன்றியிருக்குமா? ஆயினும் பெரிய காரியம் அந்த வேளையில்தான் நடந்தது.

மூன்றாவது: பலன் தாமதமாக வரும். முத்துலட்சுமி ரெட்டி பட்டம் பெற்ற ஆண்டுக்கும் ஆஸ்பத்திரி திறந்த ஆண்டுக்கும் இடையே 42 ஆண்டுகள். சாந்தாவுக்குப் பத்மஸ்ரீ விருது 1986-ல் வந்தபோது அவருக்கு வயது 59. மகசேசே விருது 2005-ல் வந்தபோது 78. பன்னிரண்டு படுக்கைகள் நானூறுக்கும் மேலாகப் பெருகின. ஏழைகளுக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை தரும் இடம் என்று நாடெங்கும் பெயர் பரவியது. ஆனால் முதல் பத்து ஆண்டுகளில், புகழைக் கணக்குப் பார்த்திருந்தால், அவர் கையில் என்ன மிஞ்சியிருக்கும்?

நம் வீட்டு நிலைமை

"அவர் பெரியவர், எங்களால் முடியுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சர்க்கார் உத்தியோகத்தை உதறிவிட்டு வா என்று இப்பாடம் யாருக்கும் சொல்லவில்லை. தங்கையின் கலியாணக் கடனை அடைப்பதற்காகத் தியாகராய நகர்த் துணிக்கடையில் காலை முதல் இரவு வரை நிற்கிற வாலிபனுக்கு, அந்தக் குடும்பமே இலட்சியம். அவன் குறைந்தவன் அல்ல. பத்துப் புடவையைப் பிரித்துக் காட்டிய பிறகும் வாங்காமல் எழுந்து போகிற அம்மாளிடம் முகம் சுளிக்காமல், "போய் வாங்கம்மா" என்று சொல்கிற வேளை அவனுடைய நாளில் அர்த்தமுள்ள வேளைதான். திருமயிலை நிலையத்தில் இரயிலேறித் தரமணிக்குக் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகும் பெண், புதிதாகச் சேர்ந்தவளுக்குப் பொறுமையாக வேலை சொல்லிக் கொடுக்கிற அரைமணி நேரமும் அத்தகையதே. நாலாம் முறையாகப் பரீட்சை எழுதுகிற பையன், தான் படித்ததைப் பக்கத்து வீட்டுச் சிறுவனுக்கும் விளக்கினால், முடிவு எதுவானாலும் அந்த ஆண்டு வீணல்ல.

இத்தகைய வேளைகள் எல்லோருக்கும் வருகின்றன. நாம் கவனிக்காமல் விடுகிறோம், அவ்வளவுதான். கையிலுள்ள செல்போனில் பிறருடைய வெற்றிகளைப் பார்த்துப் பார்த்து, நம் நாளில் நடந்ததை மறந்து விடுகிறோம். இதற்கு எளிய மருந்து ஒன்று உண்டு. இரவில் படுக்குமுன் ஆத்தும சோதனை செய்யும்போது, "இன்று என்ன பிழை செய்தேன்?" என்று கேட்பது நம் வழக்கம். அதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: "இன்று என்னால் யாருடைய சுமை சற்றுக் குறைந்தது?" பதிலை ஒரு நோட்டில் ஒரே வரியில் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து அந்த வரிகளைச் சேர்த்து வாசித்தால், உங்கள் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரியவரும். இலட்சியத்தைத் தேடுகிறவர்களுக்கு அதுவே நல்ல வழிகாட்டி.

தாய் தகப்பன்மாருக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பற்றிக் கவலைப்படுவது உங்கள் கடமை, யாரும் மறுக்கவில்லை. ஆனால் மாலையில் வீடு திரும்பும் மகளிடம் சம்பள உயர்வைப் பற்றி மட்டும் விசாரித்தால், அது ஒன்றுதான் முக்கியம் என்று அவள் கற்றுக்கொள்வாள். "இன்று யாருக்கு உதவினாய்?" என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். முதலில் சிரிப்பாள், பிறகு யோசிப்பாள்.

குடும்பமாகச் சிந்திக்க

1. நம் வீட்டில் "நல்ல வேலை" என்று எதைச் சொல்கிறோம்? சம்பளத்தையா, பெயரையா, அதனால் பயன் பெறும் மனிதரையா?

2. சாந்தா நம் வீட்டுப் பெண்ணாக இருந்து, இப்படியொரு முடிவைச் சொல்லியிருந்தால், நாம் என்ன பதில் சொல்லியிருப்போம்?

3. சென்ற வாரத்தில், யாரும் பாராட்டாவிட்டாலும், செய்ததற்காக மகிழ்ந்த ஒரு காரியத்தை ஒவ்வொருவரும் சொல்லுங்கள். சிறியவர்கள் முதலில் பேசட்டும். பெரியவர்கள் குறுக்கிடாமல் கேட்கட்டும்.