மலைப்பாதையில் பழைய ராணுவ லாரி: எண்ணெய் வடிகட்டியைச் சீர்திருத்தும் முறை

மூணாற்றிலிருந்து மாட்டுப்பெட்டி, குண்டளை வழியாக டாப் ஸ்டேஷனை அடைந்து, பாம்பாடும் சோலையைக் கடந்தால் வட்டவடை வருகிறது. மலைச்சரிவில் படிப்படியாக அமைந்த இவ்வூர் நிலங்களில் பூண்டு, உருளைக்கிழங்கு, காரட் முதலியன விளைகின்றன. காந்தளூர்–வட்டவடைப் பூண்டு புவிசார் குறியீடு பெற்ற விளைபொருளாகும். ஆயினும் விளைந்த பொருள் சந்தையை அடைவது, வளைந்து வளைந்து ஏறி இறங்கும் பாதையில் செல்லும் வண்டியின் எஞ்சினைப் பொறுத்தது. மூட்டைகளோடு நடுவழியில் ஓர் எஞ்சின் இறுகி நின்றுவிட்டால், அன்றைய விளைச்சலோடு உழவனின் பல மாத உழைப்பும் வீணாகக்கூடும்.

இத்தகைய பாதைகளுக்கென்றே பலர் பழைய ராணுவ லாரிகளை விரும்பி வாங்குவதுண்டு. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் அமைப்பும், உறுதியான சட்டமும் அவற்றின் சிறப்புகள். இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின் ராணுவம் கழித்துவிட்ட லாரிகள் கேரளத்தின் மலைக்காடுகளில் நெடுங்காலம் மரம் ஏற்றின. பின்னர், ஜெர்மனியின் எம்.ஏ.என். நிறுவனத்தின் உரிமம் பெற்று, 1959-ஆம் ஆண்டு முதல் ஜபல்பூரில் தயாரிக்கப்பட்ட ‘சக்திமான்’ லாரி நம் ராணுவத்தின் முதுகெலும்பாக விளங்கிற்று. அதன் உற்பத்தி 1996-இல் நின்றுவிட்டது. ஆகவே, இன்று ஓடும் ஒவ்வொரு பழைய எஞ்சினுக்கும் உதிரிப்பாகம் அரியது. தேய்மானத்தைத் தடுப்பதே அதன் ஆயுளை நீட்டும் வழி. அத்தடுப்பில் எண்ணெய் வடிகட்டியின் பங்கு யாது, அதனைச் சீர்திருத்துவது எவ்வாறு என்பதை இக்கட்டுரை விளக்கும்.

தேய்மானம் உண்டாகும் விதம்

எஞ்சினுக்குள் சுழலும் கிராங்குத் தண்டு தன் பேரிங்குகளை நேரடியாகத் தொடுவதில்லை. இடையே மசகெண்ணெயின் மெல்லிய படலம் நிற்கிறது. பாரம் மிகும்போது அப்படலத்தின் கனம் சில மைக்ரான்களே. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு; தலைமயிர் ஒன்றின் குறுக்களவு சுமார் 70 மைக்ரான். படலத்தின் கனத்தை ஒத்த அளவுள்ள தூசித் துகள் இடையில் நுழையுமானால், அது இருபுறத்து உலோகத்தையும் கீறிச் செல்கிறது. கண்ணுக்குத் தெரியாத துகளே கண்ணுக்குத் தெரியும் சேதத்தை விளைவிக்கிறது.

1988-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்திலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வு இதனை அளந்து காட்டிற்று. 40 மைக்ரான் வடிகட்டிக்குப் பதிலாக 30 மைக்ரான் வடிகட்டியைப் பயன்படுத்தியபோது தேய்மானம் பாதியாகக் குறைந்தது. 15 மைக்ரான் வடிகட்டியால் 70 சதவீதம் குறைந்தது.

மலையில் வடிகட்டிக்கு நேரும் சோதனை

மலைப்பாதையில் வடிகட்டியின் வேலை இருமடங்கு கடினமாகிறது. முதலாவது காரணம், காற்றின் குறைவு. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பழைய டீசல் எஞ்சின் அதே அளவு டீசலைக் குறைந்த காற்றில் எரிக்க நேர்வதால் கரும்புகை மிகுகிறது. கரியின் ஒரு பகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து எண்ணெயிற் சேர்கிறது.

இரண்டாவது காரணம் குளிர். மார்கழி, தை மாதங்களின் அதிகாலையில் எண்ணெய் தேன்போல் தடித்திருக்கும். தடித்த எண்ணெய் வடிகட்டும் தாளினூடே எளிதிற் செல்வதில்லை. அச்சமயம் பேரிங்குகள் எண்ணெயின்றி வறண்டுவிடாதிருக்க, வடிகட்டியில் உள்ள மாற்றுவழி வால்வு திறந்து, எண்ணெயை வடிகட்டாமலே எஞ்சினுக்கு அனுப்புகிறது. அழுக்கு எண்ணெய் தீமை. எண்ணெயே இன்மை நாசம். ஆகவே பெருந்தீமையைத் தவிர்க்கச் சிறு தீமையை ஏற்கும் ஏற்பாடு இது.

இதிலிருந்து ஓர் அடிப்படை விதி பெறப்படுகிறது. வடிகட்டியின் முதற் கடமை எண்ணெயைத் தடையின்றி விடுதல். அழுக்கைப் பிடித்தல் இரண்டாவது கடமை. சிறந்த வடிகட்டி என்று எண்ணி மிக நுண்ணிய தாளை மட்டும் பொருத்தினால், மாற்றுவழி வால்வு அடிக்கடி திறக்கும். வடிகட்டாத எண்ணெயே எஞ்சினைச் சேரும். செய்த செலவு வீணாகும்.

வடிகட்டிகளின் வகைகள்

1923-இல் அமெரிக்காவில் சுவீட்லாந்து, கிரீன்ஹால்ஷ் என்ற இருவர் மோட்டார் வண்டிக்கான எண்ணெய் வடிகட்டிக்குக் காப்புரிமை கோரினர். இன்று இரு முறைகள் வழக்கில் உள்ளன.

பம்பு அனுப்பும் எண்ணெய் முழுவதும் பேரிங்குகளை அடையுமுன் கடந்து செல்லும் வடிகட்டி முழுவோட்ட வடிகட்டி எனப்படும். பத்தில் ஒரு பங்கு அளவான எண்ணெயை மட்டும் கிளைக்குழாய் வழியே பிரித்து, மிக நுணுக்கமாக வடித்து, மீண்டும் எண்ணெய்த் தொட்டிக்கே அனுப்புவது கிளையோட்ட வடிகட்டி. முன்னது காவற்காரன், பின்னது மெதுவாக ஆனால் இடைவிடாது பெருக்கும் துப்புரவாளன். மலைப்பாதைக்குச் சிறந்தது இரண்டும் சேர்ந்த அமைப்பே. கிளையோட்டத்தில் தாளுக்குப் பதிலாக, எண்ணெயின் அழுத்தத்தாலேயே நிமிடத்திற்குப் பல ஆயிரம் முறை சுழன்று அழுக்கை ஓரத்தில் ஒதுக்கும் மையவிலக்கு வடிகட்டியையும் பயன்படுத்தலாம்.

கடையில் வடிகட்டி வாங்குவோர் ‘10 மைக்ரான்’ என்னும் எண்ணை மட்டும் கண்டு திருப்தியடையலாகாது. அந்த அளவுள்ள துகள்களில் எத்தனை பிடிபடுகின்றன என்பதே கேள்வி. உட்செல்லும் துகள்களின் எண்ணிக்கையை வெளிவருபவற்றின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது பீட்டா விகிதம். இவ்விகிதம் 2 ஆயின் பாதியே பிடிபடுகிறது. 75 ஆயின் நூற்றுக்கு 98-க்கு மேல் பிடிபடுகிறது. இரண்டு பெட்டிகளின் மேலும் ‘10 மைக்ரான்’ என்றே அச்சிட்டிருக்கலாம்.

ஓர் உதாரணம்

அமெரிக்க ராணுவத்தின் இரண்டரை டன் லாரியில் இருந்த எல்.டி.டி. 465 எஞ்சின் 7.8 லிட்டர் கொள்ளளவுடையது. பலவகை எரிபொருளில் ஓடவல்லது. அதன் எரிப்பு முறை, எம்.ஏ.என். நிறுவனத்தில் மொய்ரர் என்னும் பொறியாளர் உருவாக்கியது. அதில் எரிபொருள் பிஸ்டனின் உருண்டையான குழியின் சுவரில் படலமாகப் பரவி எரிகிறது. நம் சக்திமானும் அதே நிறுவனத்தின் வழிவந்தது.

இந்த அமெரிக்க எஞ்சினில் இரண்டு உலோகக் குடுவைகளும் அவற்றுள் மாற்றத்தக்க வடிகட்டிகளும் இருந்தன. அதனை மாற்றும்போது நடுத்திருகாணி, ரப்பர் வளையங்கள், வில் ஆகியவற்றில் ஒன்று பிசகினாலும் எண்ணெய் கசியும், அல்லது வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு ஓடிவிடும். பட்டறையில்லாத மலையோரத்தில் புழுதி உள்ளே விழவும் இடமுண்டு. ஆகவே அத்தகைய லாரி வைத்திருப்போர் பலர், இணைப்புத் தகடு பொருத்தி, மூடிய தகரக் கூட்டுடன் திருகிப் பூட்டும் வடிகட்டிக்கு மாறியுள்ளனர். இந்த மாற்றத்தைச் செய்ய விரும்புவோர் கவனிக்க வேண்டியவை பின்வருமாறு:

1. திருகுவகை வடிகட்டியில் எண்ணெய் வெளிவட்டத் துளைகள் வழியே நுழைந்து நடுத்துளை வழியே வெளிவரும். இணைப்பில் திசை மாறலாகாது.

2. மாற்றுவழி வால்வு பழைய கூட்டில் உள்ளதா, புதிய வடிகட்டியில் உள்ளதா என அறிதல் வேண்டும். எங்கும் இல்லாமற்போவது பேராபத்து.

3. வடிகட்டி படுக்கையாகவோ தலைகீழாகவோ அமையுமாயின், எஞ்சின் நின்றபின் எண்ணெய் வடிந்துவிடாதபடி தடுக்கும் ரப்பர் வால்வு உள்ளதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

4. பரப்பு மிகுந்த பெரிய வடிகட்டியே நல்லது. பழைய அமைப்பில் இரண்டு இருந்தால் ஒன்றாகக் குறைக்கலாகாது.

5. குழாய்கள் உயர் அழுத்தத்திற்கும் சூடான எண்ணெய்க்கும் உரியனவாக இருத்தல் அவசியம். முழுவோட்டக் குழாய் வெடித்தால் சிறிது நேரத்தில் எண்ணெய் முழுவதும் சாலையில் கொட்டிவிடும்.

6. கிளையோட்ட வடிகட்டிக்குச் செல்லும் வழியில் ஒரு மில்லிமீட்டர் அளவான நுண்துளைக் கட்டுப்பாடு தேவை. தேய்ந்த எஞ்சினில் அழுத்தம் ஏற்கெனவே குறைந்திருக்கும். எஞ்சின் சூடாகி மெதுவாக ஓடும்போது அழுத்தமானி காட்டும் அளவை, பொருத்துவதற்கு முன்னும் பின்னும் குறித்து ஒப்பிட வேண்டும். அளவு வெகுவாகத் தாழ்ந்தால் அந்த எஞ்சின் கிளையோட்டத்தைத் தாங்காது.

7. புதிய வடிகட்டி நேராகத் தொங்குமாயின் அதில் தூய எண்ணெயை முன்னரே நிரப்பிவிடுக. பின், டீசலை நிறுத்திவைத்து, அழுத்தமானியின் முள் அசையும் வரை ஸ்டார்ட்டரால் மட்டும் எஞ்சினைச் சுழற்றுக. வறண்ட பேரிங்கில் பாரம் ஏறாதிருக்க இதுவே வழி.

வடிகட்டி சொல்லும் செய்தி

கழற்றிய வடிகட்டியை எறிந்துவிடாமல் அறுத்துப் பார்த்தல் நன்று. காந்தத்தில் ஒட்டும் துகள் பெரும்பாலும் வளையம், சிலிண்டர் ஆகியவற்றின் இரும்பு. செம்பு நிறப் பளபளப்பு பேரிங்கின் தேய்மானத்தைக் குறிக்கும். காந்தத்தில் ஒட்டாது, நகத்தால் தேய்த்தால் நறநறப்பது மண். அது காற்று வடிகட்டியின் கசிவு வழியே வந்தது. அக்கசிவை அடைக்காமல் எண்ணெய் வடிகட்டியை மட்டும் உயர்த்துவது, வாய்க்காலை அடைக்காமல் குளத்தை இறைப்பதை ஒக்கும்.

நீர், டீசல் கலப்பு, தீர்ந்துபோன இரசாயனச் சத்து ஆகியவற்றைச் சாதாரணத் தாள் வடிகட்டி சீராக்க இயலாது. கரித்துகளில் பெரும்பகுதியும் அதற்குத் தப்பிவிடும். ஆகவே, வடிகட்டி எத்துணைச் சிறந்ததாயினும், குறித்த காலத்தில் எண்ணெயை மாற்றும் வழக்கத்தைக் கைவிடலாகாது.

சில மணி நேர உழைப்பும் சிறிது செலவும் இச்சீர்திருத்தத்திற்குப் போதும். ஆனால் ஓட்டத்தைக் குறைத்துத் தூய்மையைத் தேடாமல், ஓட்டத்தைக் காத்துத் தூய்மையைப் பெருக்குவதே இதன் நெறி. இந்நெறியைக் கைக்கொள்ளும் ஓட்டுநர், உதிரிப்பாகம் கிடைக்காத பழைய எஞ்சினையும் இன்னும் பல அறுவடைகளுக்குச் சந்தை வரை கொண்டுசெல்லலாம்.