காயாவும் கோயிற்காடும்

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் நெடுஞ்சாலையில் மதகடிப்பட்டு என்னும் ஊர் அமைந்துள்ளது. சோழர் காலத்துக் குண்டாங்குழி மகாதேவர் கோயிலாலும், வாரந்தோறும் கூடும் சந்தையாலும் பெயர் பெற்றது அவ்வூர். அதனைச் சுற்றியும், வில்லியனூர், பாகூர்ப் பக்கங்களிலும் இன்று நெல் வயல்களும் கரும்புத் தோட்டங்களும் சவுக்குத் தோப்புகளுமே மிகுதியாகக் காணப்படுகின்றன. எனினும், இக்கடற்கரை நாட்டிற்கென்றே இயற்கை வகுத்த காடு ஒன்று உண்டு. ஆண்டில் பல மாதங்கள் மழை இல்லாதிருந்தும் இலை உதிராது பசுமையாய் நிற்கும் காடு அது. இந்தியக் காடுகளை வகைப்படுத்திச் சாம்பியன் என்னும் அறிஞர் 1936ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இவ்வகைக் காடும் இடம் பெற்றது. இதனை உலர் பசுமைமாறாக் காடு என்பர். அக்காட்டின் அணிகலன்களுள் ஒன்று காயா.

காயா ஒரு புதர்ச்செடி; வெட்டாமல் விட்டால் சிறு மரமாகவும் வளரும். காசா என்றும் இதனை வழங்குவர். இதன் இலைகள் தடித்து, பளபளப்பாய், இரண்டிரண்டாக எதிரெதிரே அமைந்திருக்கும். பூக்கும் பருவத்தில் இலைக்கக்கங்களில் மட்டுமன்றி, இலையற்ற பழைய கிளைகளின் கணுக்களிலும் சின்னஞ்சிறு நீலப் பூக்கள் கொத்துக் கொத்தாய் மலரும். கிளை முழுதும் நீலம் பூசியது போன்ற அத்தோற்றம் காண்போர் நெஞ்சைக் கவரும். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிக் கூறும் 99 பூக்களுள் காயாவும் ஒன்று. முல்லை நிலத்து மலராகச் சங்கப் புலவர் இதனைப் போற்றினர். திருமாலின் நிறத்திற்கு இம்மலரை உவமை கூறி, அவனைக் காயாம்பூ வண்ணன் என்று அடியார் அழைத்தனர்.

அழகோடு பயனும் உடையது காயா. இதன் இலை சாயத் தொழிலுக்கு உதவியது. சோழமண்டலக் கரையில் துணிகளுக்குச் செந்நிறம் ஏற்றியோர் சாயவேரோடு காயா இலையையும் சேர்த்தனர். இதன் கட்டை மிக வலியது. நின்று எரியும் நல்ல விறகு. இதன் கனியைப் பறவைகள் விரும்பி உண்ணும்.

விறகாகப் பயன்பட்டதே இச்செடிக்குக் கேடாகவும் முடிந்தது. வெட்டிய காயா அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். அதனைக் கண்டோர், செடி அழியவில்லை என்று எண்ணி மீண்டும் வெட்டினர். ஆனால், அடிக்கடி வெட்டப்படும் புதர் பூத்துக் காய்க்கும் அளவிற்கு வளர்வதில்லை. பூவில்லையேல் கனியில்லை, கனியில்லையேல் வித்தில்லை. பழைய வேர் முதுமையுற்று மடியும்போது அதன் இடத்தை நிரப்ப இளங்கன்று ஒன்றும் இராது. பசுமையாய்த் தோன்றும் புதரே சந்ததி அற்றதாய் இருத்தல் கூடும்.

அவ்வாறாயின் காயா எங்கே பிழைத்திருக்கிறது? ஐயனாருக்கும் அம்மனுக்கும் உரியவை என்று ஊரார் கத்தி வைக்காது காத்த கோயிற்காடுகளில் பிழைத்திருக்கிறது. புதுச்சேரிக்கு வடக்கே, விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்ப்புத்துப்பட்டில் மஞ்சனீசுவரர் ஐயனார் கோயிலைச் சூழ்ந்துள்ள காடு இதற்குச் சிறந்த சான்று. அங்கே காயா, பிற காட்டு மரங்களோடு ஓங்கி வளர்ந்து, பூத்து, காய்த்து நிற்கிறது.

இக்காடுகளின் அருமை, காயாவின் விதையை ஆராய்ந்தால் நன்கு விளங்கும். நெல்லையும் கேழ்வரகையும் உலர்த்திக் குதிரில் இட்டு வைக்கலாம். காயாவின் விதையோ அவ்வாறு காத்திராது. கனி ஒன்றுக்கு விதை ஒன்று. அதனுள் தடித்த வித்திலைகள் ஈரத்தோடு மடிந்து கிடக்கின்றன. அவ்வீரம் வற்றினால் உயிரும் வற்றும். ஆதலின், இதன் விதைக்களஞ்சியம் பானையன்று. உயிரோடு நிற்கும் காடே ஆகும்.

காயாவை விதையிலிருந்து வளர்க்க விரும்புவோர் முதலில் கனியின் நிறத்தை நோக்குதல் வேண்டும். பச்சைக்காய் பழுத்து முற்றும் கருமையாகும் வரை பொறுத்திருத்தல் தக்கது. கோயிற்காட்டில் ஊராரின் இசைவு பெற்று, பறவைகளுக்கும் காட்டிற்கும் மிகுதியும் விட்டு, சிறிதளவே திரட்ட வேண்டும். கனியைப் பிசைந்து சதையை நீக்கி, விதையை நீரில் கழுவி, வெயில் படாமல் வைத்து, காலந்தாழ்த்தாது விதைத்துவிட வேண்டும். செம்மண்ணும் மணலும் மக்கிய இலையும் கலந்த மண் ஏற்றது. விதையின் பருமன் அளவே ஆழம் போதும். நிழலில் வைத்து, பூவாளியால் மெல்ல நீர் தெளித்து வரலாம். விதைகள் அனைத்தும் ஒரே நாளில் முளைப்பதில்லை; முளையாத பையை உடனே கொட்டிவிடுதல் அறியாமை. முளைத்த பின்னரும் வளர்ச்சி மெதுவானதே. ஓராண்டோ அதற்கு மேலோ நாற்றைப் பேணி, வேர் திரண்ட பின், வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்தில் நடுதல் நலம். முதற் கோடையில் நீரூற்றி, ஆடு மாடுகள் மேயாதபடி வேலி இடுதலும் இன்றியமையாதது.

இம்முயற்சி பயன் தரும் என்பதற்குச் சான்று அண்மையிலேயே உள்ளது. 1968ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாள் ஆரோவில் நகர் தொடங்கப்பெற்றபோது, அம்மேட்டு நிலம் மழைநீரால் அரிக்கப்பட்ட செம்மண் பொட்டலாகக் கிடந்தது. அங்குக் குடியேறியோர் வரப்பு அமைத்து மழைநீரைத் தேக்கினர். விரைந்து வளரும் மரங்களை முதலில் நட்டு நிழல் உண்டாக்கினர். பின்னர், எஞ்சிய காடுகளிலிருந்து இந்நாட்டு மரஞ்செடிகளின் விதைகளைத் திரட்டி நாற்று வளர்த்து நட்டனர். இன்று அங்குக் காடு தழைத்திருக்கிறது. விதை எடுக்க ஒரு காடேனும் எஞ்சியிராவிடில், அவர்தம் உழைப்பு என்ன பயன் தந்திருக்கும்?

ஆகவே, பழைய காட்டைக் காத்தலும் புதிய கன்றை வளர்த்தலும் ஒன்றையொன்று பிரியா அறங்கள். மதகடிப்பட்டு போன்ற ஊர்களில் ஏரிக்கரை ஓரத்திலும், பள்ளி வளாகத்திலும், கோயில் நிலத்திலும் காயாவிற்குச் சிறிது இடம் அளித்தல் அரிதன்று. இன்று நடுகின்ற கன்று பூப்பதற்கு ஆண்டுகள் பல ஆகலாம். எனினும், அது பூத்துக் கனியும் நாளில் அவ்வூருக்கு விதைக்களஞ்சியம் ஒன்று கிடைத்துவிடும். நூலில் மட்டும் படித்த மலரை மரத்தில் காணும் பேறு பின்வரும் மாணவர்க்கு வாய்க்கும். காத்திராத விதையை உரிய காலத்தில் விதைத்தவர்க்கே அப்பெருமை உரியது.