பாம்பு விற்பவரே, குறையை முதலில் சொல்லுங்கள்

இத்தாலியின் பலெர்மோவில் பொலிதேயாமா பக்கம் வீட்டு வேலை, ரெஸ்டாரன்ட் வேலை என்று ஓடிக்கொண்டே, பால் பைத்தான் (ball python) பாம்பு வளர்த்து விற்று சைடு இன்கம் பார்க்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு இது. பாம்பு வளர்க்கத் தெரிந்தவர்கள் ஐரோப்பாவில் ஏராளம். ஜெர்மனியின் ஹாம் நகரக் கண்காட்சியில் மேஜைக்கு மேஜை அதே மார்ஃப்கள்தான், அதாவது அதே நிற வகைகள்தான். விலையைக் குறைத்து இந்தப் போட்டியில் ஜெயிக்க முடியாது. நம்பிக்கையைச் சம்பாதித்தால் முடியும்.

1. பேப்பர்ஸ்தான் முதல் விளம்பரம். பால் பைத்தான், வனவிலங்கு வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தமான சைட்ஸின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. இத்தாலியின் 1992ஆம் ஆண்டு 150ஆம் எண் சட்டப்படி, குட்டி பொரிந்த 10 நாட்களுக்குள் சைட்ஸ் அலுவலகத்தில் அறிவித்தாக வேண்டும். மனிதருக்கு ஆபத்தான விலங்குகளை வீட்டில் வைப்பதையும் இத்தாலியச் சட்டம் தடுக்கிறது. விஷப்பாம்பு ஆசை வேண்டாம். வாங்குபவர் கேட்பதற்கு முன்பே சைட்ஸ் ஆவணத்தின் நகலைக் காட்டுங்கள். புதியவர்கள் கார்ன் ஸ்நேக்கில் தொடங்கலாம். அது சைட்ஸ் பட்டியலில் இல்லை.

2. ஃபீடிங் ரெக்கார்ட் எழுதுங்கள். பால் பைத்தான் மாதக்கணக்கில் சாப்பிடாமல் கிடக்கும் என்பது வாங்குபவருக்குத் தெரியும். 'நன்றாகச் சாப்பிடும்' என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். எந்தத் தேதியில் எலி கொடுத்தீர்கள், எந்த அளவு எலி, உயிரோடா, ஃப்ரீசரில் இருந்து எடுத்ததா, மறுத்த நாட்கள் எவை, தோல் உரித்தது எப்போது, இன்றைய எடை எத்தனை கிராம்? ஒரே தாளில் இத்தனையும் இருந்தால் விலை பேசும்போது உங்கள் கைதான் ஓங்கியிருக்கும். மறுத்த நாட்களை மறைக்காதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோன மறுவாரமே அது வெளிப்பட்டுவிடும்.

3. போட்டோவில் ஃபில்டர் போடாதீர்கள். குட்டியின் பளிச்சென்ற மஞ்சள் பல மார்ஃப்களில் வயதோடு மங்கும். பகல் வெளிச்சத்தில் எடுத்த குட்டியின் படத்தோடு வளர்ந்த தாய், தந்தையின் படத்தையும் போடுங்கள்.

4. 'ஹெட்' (மார்ஃபின் ஜீனை வெளியே காட்டாமல் உள்ளே சுமக்கும் பாம்பு) என்று எழுதினால் ஆதாரம் வேண்டும். பைபால்ட் மார்ஃபையும் பைபால்ட் ஜீன் இல்லாத சாதாரணப் பாம்பையும் சேர்த்தால், பிறப்பது எல்லாம் 100 சதவீதம் ஹெட். இரண்டு ஹெட்டைச் சேர்த்தால், பைபால்டாகத் தெரியாத குட்டிகள் ஹெட்டாக இருக்க 66 சதவீத வாய்ப்பு மட்டுமே. இதை நூறு என்று விற்பவரின் பெயர், வாங்கியவர் வளர்த்த அந்தப் பாம்பின் முட்டைகள் பொரியும் நாள் வரைதான் நிற்கும்.

5. மார்ஃபின் குறை. இங்கேதான் பெரிய பெயர்களும் தடுக்கி விழுந்தன. 1999இல் அமெரிக்காவில் முதன்முதலாகப் பெருக்கப்பட்ட ஸ்பைடர் மார்ஃப் பார்க்க அழகு. ஆனால் தலை ஆடும், சில பாம்புகள் இரையைக் குறிபார்க்கத் தடுமாறும். 'லேசான ஆட்டம்தான்' என்றே பலர் விற்றார்கள். உள்காதின் சமநிலை உறுப்புகளே சரியாக உருவாகவில்லை என்று 2022இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் ஸ்கேன் மூலம் காட்டினார்கள். டெசர்ட் மார்ஃபில் பெண் பாம்புகளால் ஒழுங்காக முட்டையிட முடியவில்லை. பிரீடிங்குக்கென்று பெரும் பணம் கொடுத்து வாங்கியவர்களின் முதலீடு அப்படியே போனது. என் கருத்து உறுதியானது: பிறவிக் குறையோடு வரும் மார்ஃபைப் பெருக்கவே பெருக்காதீர்கள். கையில் ஏற்கெனவே ஒன்று இருந்தால், அது தலை ஆட்டும் வீடியோவை விளம்பரத்திலேயே போடுங்கள்.

6. புதிதாக வாங்கிய பாம்பைத் தனி அறையில் வையுங்கள். அதன் நோய் மற்ற பாம்புகளுக்குத் தொற்றாமல் இருக்கத்தான் இது. நிடோவைரஸ், கிரிப்டோ (ஒட்டுண்ணி) டெஸ்ட் ரிசல்ட்டை வாங்குபவருக்குக் கொடுங்கள்.

தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2023 ஜூலையில் மலேசியாவில் இருந்து திருச்சி விமான நிலையத்தில் இறங்கிய ஒரு பயணியின் பெட்டியில் 47 பைத்தான்கள் பிடிபட்டன. இந்திய வனவிலங்குச் சட்டத்தின் 2022 திருத்தப்படி, சைட்ஸ் பட்டியல் விலங்கு வைத்திருப்பவர் பதிவு செய்தாக வேண்டும். நம்மூர் மலைப்பாம்பையோ சாரையையோ பிடித்து வளர்ப்பதே குற்றம். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், பேப்பர் இல்லாத பாம்பைத் தொடாதீர்கள்.