குளியல் மட்டும் போதுமா? பவளம் தின்னும் தட்டைப்புழுவின் நாட்கணக்கு



டெங்கி பரவும் காலத்தில் உங்கள் குடியிருப்புப் பகுதிக்குப் புகையடிக்க வருவார்கள். அன்று இரவு ஒரு கொசுகூடக் காதருகே பாடாது. பத்து நாள் கழிந்தால் மறுபடியும் கொசு! காரணம் உங்களுக்குத் தெரியும். புகை, பறக்கும் கொசுவைத்தான் கொல்கிறது. பூச்சட்டித் தட்டில் ஒட்டிக் கிடக்கும் முட்டையை அது தொடுவதில்லை. அதனால்தான் தேங்கிய நீரைக் கொட்டுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

இதே பாடத்தை என் வீட்டுக் கண்ணாடித் தொட்டி எனக்கு மறுபடியும் கற்பித்தது. அதற்கு நான் கொடுத்த விலை, நான்கு ஆண்டுகள் வளர்த்த ஒரு பவளம்.

என் தொட்டியில் நடந்தது

வீட்டில் மூன்றடி நீளக் கடல்நீர்த் தொட்டி ஒன்று வைத்திருக்கிறேன். அதில் அக்ரோபோரா என்னும் கிளைப் பவளம் இருந்தது. ஒரு நாள் கடையிலிருந்து விரல் நீளத்தில் இன்னொரு அக்ரோபோராத் துண்டு வாங்கி வந்தேன். பார்க்கச் சுத்தமாக இருந்தது. நேராகத் தொட்டியில் வைத்துவிட்டேன்.

சில வாரங்களில் பழைய பவளத்தின் நிறம் மங்கியது. கிளைகளின் அடிப்பக்கத்தில் கடுகைவிடச் சிறிய வெளிர் வட்டங்கள் தெரிந்தன. புழு எதுவும் கண்ணில் படவில்லை. பெரிய பைப்பெட்டில் தொட்டி நீரை எடுத்துக் கிளைமீது வேகமாகப் பீச்சினேன். தோல் உரிந்ததுபோல மெல்லிய ஏதோ ஒன்று பிய்த்துக்கொண்டு மிதந்தது. பிறகு அது தானாக நெளிந்தது!

கடையில் விற்கும் பவளக் குளியல் மருந்தை வாங்கிப் பவளங்களை முக்கி எடுத்தேன். இருபதுக்கும் மேற்பட்ட புழுக்கள் உதிர்ந்தன. மறுநாள் வகுப்பில் பெருமையாகச் சொன்னேன். படிவம் நான்கு மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், புழு செத்துப்போச்சு, சரி. முட்டை?"

அன்று என்னிடம் பதில் இல்லை. ஆறாவது வாரம் பதில் தானாக வந்தது. வெளிர் வட்டங்கள் திரும்பின. நான் விவரம் தேடிப் படித்து முடிப்பதற்குள் பழைய பவளம் வெறும் வெள்ளை எலும்பாகிவிட்டது. அந்த மாணவியின் கேள்விக்கான பதில்தான் இக்கட்டுரை.

யார் இந்தப் புழு?

இது தட்டைப்புழு இனத்தைச் சேர்ந்தது. அறிவியல் உலகம் இதற்கு 2011-இல் அமகுசாபிளானா அக்ரோபோரே என்று பெயரிட்டது. பின்னர் வகைப்பாடு மாறி, இப்போது புரோஸ்தியோஸ்டோமம் அக்ரோபோரே என்று அழைக்கப்படுகிறது. பெயரின் பின்பாதியைக் கவனியுங்கள். அக்ரோபோராப் பவளம்தான் இதன் வீடு, அதுவே இதன் உணவும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தப் புழுவை முதலில் அறிந்தவர்கள் கடலில் ஆய்வு செய்தவர்கள் அல்லர். தொட்டியில் பவளம் வளர்ப்பவர்கள்தாம் இதனால் முதலில் அவதிப்பட்டார்கள். ஆஸ்திரேலியாவின் பெரும் பவளப்பாறைத் திட்டில், இயற்கைச் சூழலில் இது இருப்பது 2012-இல்தான் பதிவானது.

ஏன் கண்ணில் படுவதில்லை?

பவளத்தின் திசுவுக்குள் ஒற்றைச்செல் பாசிகள் வாழ்கின்றன என்று படித்திருப்பீர்கள். பவளத்துக்குப் பழுப்பு நிறம் தருபவை அவையே. புழு பவளத் திசுவைத் தின்னும்போது அந்தப் பாசிகளும் அதன் குடலுக்குள் போகின்றன. புழுவின் உடலோ ஏறக்குறைய ஒளி ஊடுருவக்கூடியது. ஆகவே தின்ற உணவின் நிறமே வெளியில் தெரிகிறது. எந்தக் கிளையில் மேய்கிறதோ, அந்தக் கிளையின் நிறத்திலேயே இருக்கும். உருமறைப்புக்கு இதைவிட எளிய வழி உண்டா?

எனவே புழுவைத் தேடாதீர்கள். அது விட்டுச்செல்லும் தடயத்தைத் தேடுங்கள். வெளிர் வட்டங்கள், மங்கும் நிறம், கிளையின் அடியில் திசு இல்லாத வெற்றிடம், அந்த வெற்றிடத்தில் பழுப்பு நிறத்தில் கொத்தாக ஒட்டியிருக்கும் முட்டைகள் ஆகியவையே அடையாளங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் முட்டைகளைத் தெளிவாகக் காணலாம்.

சிக்கல் முட்டையில்தான்

புழு தன் முட்டைகளை உயிருள்ள திசுவின்மீது இடுவதில்லை. திசு இறந்து எலும்பு வெளிப்பட்ட இடத்தில் ஒட்டி வைக்கிறது. ஒவ்வொரு முட்டைக் கூட்டுக்குள்ளும் ஒன்றுக்கு மேற்பட்ட கருக்கள் இருக்கும். கூட்டின் உறுதியான ஓடு மருந்தை உள்ளே விடுவதில்லை. புழுவைக் கொல்லும் குளியல் முட்டையை ஒன்றும் செய்யாமல் போவது இதனால்தான்.

அப்படியானால் மருந்தின் அளவைக் கூட்டலாமா? கூடாது. முட்டை சாவதற்குள் பவளம் செத்துவிடும். கூட்ட வேண்டியது மருந்தின் அளவை அல்ல, குளியலின் எண்ணிக்கையை. எத்தனை முறை, எத்தனை நாள் இடைவெளியில் என்பதை வாழ்க்கைச் சுழற்சிதான் சொல்ல வேண்டும்.

நாட்கணக்கு

இந்தப் புழுவின் வாழ்க்கைச் சுழற்சியை வெவ்வேறு வெப்பநிலைகளில் அளந்து, ஆய்வாளர்கள் 2019-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நமக்குத் தேவையான எண்கள் இவை:

• 27 டிகிரி செல்சியஸில் முட்டை பொரிக்கச் சராசரியாக 11 நாட்கள் ஆகும்.
• அதே வெப்பநிலையில் ஒரு தலைமுறைக்குக் குறைந்தது 38 நாட்கள் ஆகும். அதாவது, ஒரு முட்டை இடப்பட்ட நாளிலிருந்து, அதில் பிறந்த புழு தானே முட்டையிடும் நாள் வரை.
• 24 டிகிரியில் ஒரு தலைமுறைக்கு 64 நாட்கள் ஆகும்.
• குஞ்சுகள் ஊரவும் நீந்தவும் வல்லவை. அக்ரோபோரா கிடைக்காவிட்டால் அதிகம் போனால் 9 நாட்கள் உயிரோடு இருக்கும்.

இப்போது கணக்குப் போடுவோம். தொட்டி 27 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 38-இலிருந்து 11-ஐக் கழித்தால் 27. ஆக, பொரித்த குஞ்சு முட்டையிடும் பருவத்தை எட்ட மூன்று வாரங்களுக்கும் மேலாகும். நாமோ 7 நாட்களுக்கு ஒரு முறை குளியல் கொடுக்கிறோம். ஒரு குஞ்சு எந்த நாளில் பொரித்தாலும், ஒரு வாரத்துக்குள் அடுத்த குளியலைச் சந்தித்தே ஆக வேண்டும். ஒரு குளியலில் தப்பினாலும் அதற்கடுத்த குளியல் காத்திருக்கிறது. முட்டையிடும் வயதை அது எட்டப்போவதில்லை. முட்டையைக் கொல்ல முடியாவிட்டாலும், புதிய முட்டை வராமல் தடுக்க முடிகிறது. சுழற்சி அறுந்துவிடுகிறது.

ஒரே ஒரு குளியலோடு நின்ற நான் என்ன செய்தேன் என்று பாருங்கள். தப்பிய முட்டைகள் பொரித்து, வளர்ந்து, முட்டையிட எனக்கே தெரியாமல் 38 நாட்கள் கொடுத்தேன். ஆறாவது வாரம் வட்டங்கள் திரும்பியதில் வியப்பு ஏதுமில்லை.

எத்தனை வாரம் தொடர வேண்டும்? 11 நாள் என்பது சராசரிதான். தாமதமாகப் பொரிக்கும் முட்டைகளும் உண்டு. ஆகவே ஐந்து, ஆறு வாரங்கள் தொடர்வது பாதுகாப்பு. குளிரூட்டி வைத்துத் தொட்டியை 24 டிகிரியில் வைத்திருந்தால் இன்னும் நீட்டிக்க வேண்டும். குளிர் புழுவைக் கொல்வதில்லை. அதன் கடிகாரத்தை மெதுவாக ஓட வைக்கிறது, அவ்வளவுதான்.

சிகிச்சை, படிப்படியாக

1. பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணியுங்கள். கடல் தொட்டியில் வளரும் சில உயிரினங்கள், குறிப்பாகச் சொவாந்தித் வகையைச் சேர்ந்த சில, கடும் நச்சு கொண்டவை.

2. எல்லா அக்ரோபோராக்களையும் வெளியே எடுங்கள். நலமாகத் தோன்றுபவற்றையும் விடாதீர்கள்.

3. இரண்டு வெள்ளைப் பாத்திரங்களில் தொட்டி நீரை நிரப்புங்கள். ஒன்றில் மட்டும் குளியல் மருந்தைக் கலக்குங்கள். அளவும் நேரமும் மருந்துப் புட்டியில் எழுதியிருப்பதைப் போலவே இருக்கட்டும்.

4. பவளம் மருந்தில் இருக்கும்போது பைப்பெட்டால் எல்லாப் பக்கமும் நீரைப் பீச்சுங்கள். பிடி தளர்ந்த புழுக்கள் உதிரும். வெள்ளைப் பாத்திரத்தில் அவை தெளிவாகத் தெரியும். எண்ணிக் குறித்து வையுங்கள்.

5. முட்டை ஒட்டியிருக்கும் இறந்த அடிப்பகுதியை வெட்டி எறியுங்கள். வெட்ட முடியாத இடத்தில் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுங்கள். சிகிச்சையில் மிகப் பயனுள்ள படி இதுதான்.

6. இரண்டாம் பாத்திரத்தில் அலசி, தனித்தொட்டியில் வையுங்கள். மருந்து நீரைத் தொட்டியில் ஊற்றவே கூடாது.

7. ஒவ்வொரு வாரமும் இதையே செய்யுங்கள். எண்ணிக்கை பூஜ்யமான பிறகும் குறித்த வாரங்கள் முடியும்வரை நிறுத்தாதீர்கள்.

பழைய தொட்டியை என்ன செய்வது?

அங்கேயும் முட்டைகள் இருக்கலாம். ஆனால் மருந்து வேண்டாம், பட்டினியே போதும். அக்ரோபோரா இல்லாத தொட்டியில் பொரிக்கும் குஞ்சு 9 நாட்களைத் தாண்டாது. 11-உம் 9-உம் சேர்ந்தால் 20 நாட்கள். தாமதமாகப் பொரிப்பவற்றுக்கும் சேர்த்து, தனித்தொட்டியில் சிகிச்சை முடியும்வரை காத்திருந்தால் கவலையில்லை. ஒரே ஒரு நிபந்தனை: பாறையில் ஒட்டிய அக்ரோபோராவின் சிறு துணுக்குகூட மீந்திருக்கக் கூடாது. பட்டினி கிடக்கும் குஞ்சுக்கு அதுவே விருந்து.

மீனும் இறாலும் உதவுமா என்று சிலர் கேட்பார்கள். ஆறு கோடுகள் கொண்ட ராஸ் என்னும் சிறு மீன் இந்தப் புழுக்களைத் தின்னும், ஆனால் முட்டையை விட்டுவிடும். பெப்பர்மிண்ட் இறாலில் ஒரு வகை முட்டைகளையும் தின்னும். இவை நல்ல காவலாளிகள். ஆனாலும் குளியலுக்கு மாற்றாக இவற்றை மட்டும் நம்ப முடியாது.

வாசலிலேயே தடுங்கள்

நான் செய்த முதல் தவறு மருந்தில் இல்லை. புதிய துண்டை நேராகத் தொட்டியில் வைத்ததில் இருக்கிறது. இப்போது என் வீட்டுக்கு வரும் எந்தப் பவளமும் முதலில் தனித்தொட்டியில் ஆறு வாரம் தங்கி, வாராந்தரக் குளியலையும் முடித்த பிறகுதான் உள்ளே போகிறது.

இன்னொன்றையும் மறவாதீர்கள். தியோமானிலும் ரெடாங்கிலும் நம் கடலுக்கடியில் அக்ரோபோராக் காடுகளே இருக்கின்றன. தொட்டி நீரையோ, நோயுற்ற பவளத்தையோ, வேண்டாத மீனையோ கடலிலோ மழைநீர்க் கால்வாயிலோ போடாதீர்கள். தொட்டியில் இருக்கும் புழுவை நாம் எண்ணலாம், குளிப்பாட்டலாம். கடலை யாராலும் குளிப்பாட்ட முடியாது.

சிந்தித்துப் பாருங்கள்

1. இந்தப் புழு ஒட்டுண்ணியா, இரைகொல்லியா? உங்கள் விடைக்கு இரண்டு காரணங்கள் தருக.

2. ஒருவர் 40 நாட்களுக்கு ஒரு முறை குளியல் கொடுக்கிறார். தொட்டி 27 டிகிரியில் உள்ளது. அவருடைய திட்டம் வெல்லுமா? நாட்கோடு வரைந்து விளக்குக.

3. தலைப்பேனுக்கு மருந்து போடும்போது, சில நாட்கள் கழித்து மீண்டும் ஒரு முறை போடச் சொல்வது ஏன்? இந்தக் கட்டுரையின் கருத்தோடு ஒப்பிடுக.