முன்னறிந்தவள் யாரிடம் சொல்வாள்?

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய நாவலைப் படித்து முடித்தேன். கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு பெண். ஞாயிறு பூசையில் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில், பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துக் கைகூப்பும்போது, சில முகங்களில் அவர்களுடைய சாவு அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது. ஊரே ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்க்கிற அந்த ஒரு நிமிடத்தை நீ பிடித்திருக்கிறாய். "சமாதானம்" என்று வாய் சொல்லும்போதே கண்ணுக்குச் சாவு தெரிவது கொடுமையான கற்பனை, நல்ல கற்பனை.

அதற்குப் பிறகுதான் நாவல் தளர்கிறது. ஏழு முகங்களில் அவள் சாவைப் பார்க்கிறாள். ஏழு பேரும் அவள் பார்த்தபடியே சாகிறார்கள். மூன்றாவது சாவுக்குள் எனக்குப் படபடப்பு அடங்கிவிட்டது. இன்னார் சாகப்போகிறார் என்பது உறுதியாகிவிட்டால், வாசகர் நாள் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான். எப்படிச் சாவார் என்ற ஆவல் கொஞ்ச தூரம் இழுக்கும், முந்நூறு பக்கம் இழுக்காது. தெரிந்துகொண்டவள் என்ன செய்யப்போகிறாள் என்பதில்தான் திகில் இருக்கிறது. யாரிடம் சொல்வாள்? எந்தச் சொல்லால் சொல்வாள்? கேட்டவர் என்ன ஆவார்? உன் கதாநாயகி யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் தலையணையில் முகம் புதைத்து அழுகிறாள். அவள் பாரம் எனக்குப் புரிகிறது. ஆனால் அழுகையை மட்டும் வைத்துக் கதை நகராது.

இந்தச் சிக்கலை உன் ஊர்ப்பக்கத்தில் நடமாடிய ஒருவர் 18ஆம் நூற்றாண்டிலேயே கதையாக்கியிருக்கிறார். விருத்தாசலம் வட்டாரத்துக் கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னை ஆலயத்தை எழுப்பிய வீரமாமுனிவர்தான் அவர். இத்தாலியில் 1680இல் பிறந்த இயேசு சபைத் துறவி. 'தேம்பாவணி' பாடிய அதே கை 'பரமார்த்த குரு கதை'யையும் எழுதியது. பள்ளிக்கூடத்தில் அதைச் சிரிப்புக் கதையாகத்தான் உனக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். குதிரை முட்டை என்று பூசணிக்காயை வாங்கியதையும், தூங்குகிற ஆற்றைக் கொள்ளிக்கட்டையால் சோதித்ததையும் மட்டும் நினைவில் வைத்திருப்பாய். அதன் பின்பாதியை எடுத்து ஒருமுறை படி.

சீடன் ஒருவன் மரத்தில் ஏறி, தான் உட்கார்ந்திருக்கும் கிளையையே வெட்டுகிறான். வழியில் போன புரோகிதர், "விழுந்துவிடுவாய்" என்கிறார். சொன்னபடியே விழுகிறான். கண்ணுள்ள யாரும் சொல்லக்கூடியதை அவர் சொன்னார். அவனோ அவரை முக்காலமும் உணர்ந்தவர் என்று நம்பிவிட்டான். ஓடிப்போய், எங்கள் குருவுக்குச் சாவு எப்போது என்று கேட்டுப் பிடித்துக்கொள்கிறான். விட்டால் போதும் என்று அவர் ஒரு பேச்சைச் சொல்லிவைக்கிறார்: உட்காரும் இடம் குளிர்ந்தால் உயிர் போகும். அன்றிலிருந்து குரு தண்ணீரைக் கண்டாலே அஞ்சுகிறார். பிறகு ஒரு நாள் குதிரையிலிருந்து சேற்றுக் குழியில் விழுகிறார். உட்காரும் இடம் நனைந்து குளிர்கிறது. அவ்வளவுதான். உடம்பில் ஒரு நோயும் இல்லாத மனிதர், சாவு வந்துவிட்டது என்ற நினைப்பிலேயே ஒடுங்கிப்போகிறார். மயங்கிக் கிடந்தவரை இறந்தவராகவே முடிவுகட்டிச் சீடர்கள் ஈமச் சடங்குக்குக் குளிப்பாட்டத் தொடங்குகிறார்கள். அத்தோடு அவர் கதை முடிகிறது.

பெஞ்சமின் பாபிங்டன் இதை ஆங்கிலத்தில் பெயர்த்து 1822இல் லண்டனில் வெளியிட்டார். அன்றிலிருந்து இன்றுவரை இது நகைச்சுவை வரிசையிலேயே இருக்கிறது. எனக்கோ, சிரிப்பை உரித்துப் பார்த்தால் தமிழ் உரைநடையின் முதல் திகில் கதைகளில் ஒன்றாக இது தெரிகிறது. குருவைக் கொன்றது யார்? குதிரையா, சேறா, சீடர்களா, அந்தப் புரோகிதரின் ஒரு வாக்கியமா? ஒரு வாக்கியம் காதில் விழுந்து, உடம்புக்குள் இறங்கி, காத்திருந்து ஆளை முடிக்கிறது. இதை நீ நகைச்சுவை இல்லாமல் எழுதிப் பார். சாவைக் கண்டவள் அதை வாய்விட்டுச் சொன்னதால்தான் அது நடந்ததோ என்ற ஐயம் அவளையும் வாசகரையும் தூங்கவிடாது.

இது வெறும் கற்பனையும் அல்ல. அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1942இல் எழுதிய ஒரு கட்டுரையில், மந்திரவாதியால் சபிக்கப்பட்டதாக நம்பியவர்கள் உயிர்விட்டதாக வந்த செய்திகளைத் தொகுத்து, கட்டுக்கடங்காத அச்சம் நரம்புகளையும் இரத்த ஓட்டத்தையும் எப்படிக் குலைக்கக்கூடும் என்று விளக்க முயன்றார். சபிக்கப்பட்டவன் சோறு தண்ணீரை விடுகிறான். சுற்றமும் அவனைச் செத்தவனாகவே பார்க்கத் தொடங்கி ஒதுங்கிக்கொள்கிறது. இந்த இரண்டாவது விஷயத்தை நாவலுக்கு எடுத்துக்கொள். ஒருவர் சாகப்போகிறார் என்று தெரிந்துவிட்டால் ஊர் அவரிடம் எப்படி நடந்துகொள்ளும்? கடன் கொடுத்தவன் முதலில் வருவான். பிள்ளைகள் பத்திரத்தைத் தேடுவார்கள். டீக்கடையில் பேச்சு நின்றுபோகும். இப்படி ஒரு அத்தியாயம் எழுது. ஏழு விபத்துகளைவிட அது பயங்கரமாக இருக்கும்.

கிறிஸ்தவ நாவல் என்று நீயே எழுதியிருப்பதால் அடுத்ததைச் சொல்கிறேன். உன் கதையில் கோயில் இருக்கிறது, பூசை இருக்கிறது, செபமாலை இருக்கிறது. ஆனால் அவள் காண்கிற காட்சி கடவுளிடமிருந்து வருவதாகத் தெரியவில்லை. மாற்றவே முடியாத விதி போல வருகிறது. விவிலியத்தில் சாவு முன்னறிவிக்கப்படும் இடங்களை எடுத்துப் பார்த்தால், பல இடங்களில் கதவு சாத்தப்படாமல் இருக்கும்.

அரசர்கள் இரண்டாம் நூல், இருபதாம் அதிகாரம். எசேக்கியா அரசர் சாகும் நிலையில் கிடக்கிறார். இறைவாக்கினர் எசாயா வந்து, வீட்டுக் காரியங்களை ஒழுங்குபடுத்திக்கொள்ளும், நீர் பிழைக்க மாட்டீர் என்கிறார். அரசர் வாதாடவில்லை. சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுது மன்றாடுகிறார். எசாயா அரண்மனையின் நடுமுற்றத்தைக்கூடத் தாண்டவில்லை. திரும்பிப் போ என்று அவருக்கு வாக்கு வருகிறது. 15 ஆண்டுகள் கூட்டித் தரப்படுகின்றன. பிறகு அத்திப்பழ அடையைப் புண்ணில் வைத்துக் கட்டுகிறார்கள்.

இதில் எசாயாவின் நிலையை யோசித்துப் பார். சற்றுமுன் ஒருவருக்குச் சாவு சொல்லிவிட்டு வந்த வாய். அதே வாயோடு திரும்பி நடந்து, தான் சொன்னது மாறிவிட்டது என்று சொல்ல வேண்டும். தன் வாக்கு பலித்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறவரால் இது முடியாது. நினிவேக்கு 40 நாள் கெடு சொன்ன யோனாவுக்கு அந்த மனம் வரவில்லை; ஊர் மனம் திரும்பிப் பிழைத்துக்கொண்டபோது அவர் கோபித்துக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தார். உன் கதாநாயகிக்குள் இந்த இரண்டு பேரும் இருக்கட்டும். அவள் கண்ட ஒரு சாவு நடக்காமல் போகட்டும். அப்போது அவளுக்கு மகிழ்ச்சியோடு ஒரு சிறு ஏமாற்றமும் வரட்டும். அந்த ஏமாற்றத்தை அவளே கண்டு நடுங்கும் பக்கம்தான் உன் நாவலின் நடுத்தூண் என்று நான் நினைக்கிறேன். இதுவரை அவள் ரொம்ப நல்லவளாகவே இருக்கிறாள், அதனால் அவளைப் பற்றி எனக்கு அச்சமே வரவில்லை.

அரசர்கள் இரண்டாம் நூலின் எட்டாம் அதிகாரம் இன்னும் இருட்டானது. தமஸ்குவில் அராம் மன்னன் பெனதாது நோயில் கிடக்கிறான். பிழைப்பேனா என்று கேட்டுவர, நாற்பது ஒட்டகச் சுமை காணிக்கையோடு அசாவேலை எலிசாவிடம் அனுப்புகிறான். பிழைப்பாய் என்று போய்ச் சொல், ஆனால் அவன் சாவான் என்று ஆண்டவர் எனக்குக் காட்டியிருக்கிறார் என்கிறார் எலிசா. பிறகு அசாவேலையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழுகிறார். நீ அரசனாவாய், என் மக்களுக்கு என்னென்ன கொடுமை செய்யப்போகிறாய் என்பது எனக்குத் தெரியும் என்கிறார். அசாவேல் திரும்பிப் போய், பிழைப்பீர் என்று மன்னனிடம் சொல்கிறான். மறுநாள் ஒரு துணியைத் தண்ணீரில் நனைத்து மன்னன் முகத்தின்மேல் விரிக்கிறான். மன்னன் சாகிறான்.

எலிசா சொல்லாமல் இருந்திருந்தால் அசாவேலுக்கு அந்தத் துணியை எடுக்கத் தோன்றியிருக்குமா? விவிலியம் விடை சொல்லாமல் நகர்ந்துவிடுகிறது. உன் நாவலில் நான்காவதாகச் சாகிற நிலக்கிழாரை இந்த வழியில் மாற்று. அவள் தன் தோழியிடம் மட்டும் காதோடு சொல்கிறாள். தோழி வீட்டில் சொல்கிறாள். பேச்சு போய்ச் சேரக்கூடாத ஒருவன் காதில் சேர்கிறது. அவருடைய முந்திரித் தோப்பின்மேல் அவனுக்கு ஆசை. எப்படியும் சாகப்போகிறவர்தானே என்ற ஒரு நினைப்பு அவன் கைக்குத் துணிவு தருகிறது. காவல்துறை வரும்போது, முன்கூட்டியே யாருக்குத் தெரிந்தது என்று தேடினால் விசாரணை அவள் வீட்டு வாசலில்தான் வந்து நிற்கும். சந்தேக மரணம் என்று வழக்குப் பதிந்து விசாரிக்கிற முறையை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்; இப்போது அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவில் வருகிறது. உன் கதையில் பழைய சட்டத்தின் 174ஆம் பிரிவை எழுதியிருக்கிறாய். கதை 2024 ஜூலைக்குப் பின் நடப்பதாக இருந்தால் அதைத் திருத்த வேண்டும்.

பாவசங்கீர்த்தனக் காட்சியும் உன்னிடம் வீணாகக் கிடக்கிறது. பங்குத்தந்தை ஆறுதல் சொல்லி அனுப்புகிறார், முடிந்தது. திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 983ஆம் சட்டப்படி, பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குரு எந்தக் காரணத்துக்காகவும் வெளியிடக்கூடாது. ஹிட்ச்காக் 1953இல் ஒரு முழுப் படத்தையே இந்த விதியின் மேல் கட்டினார். இப்போது உன் காட்சியை யோசி. தான் கண்ட சாவை அவள் சாமியாரிடம் சொல்கிறாள். சாகப்போகிறவர் சாமியாரின் சொந்தத் தம்பி. அவர் எச்சரிக்கவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. அவர் திருச்சபையின் மறைக்கல்வி நூலையும் நன்கு அறிந்தவர். கடவுள் தம் இறைவாக்கினருக்கும் புனிதருக்கும் எதிர்காலத்தைக் காட்ட முடியும் என்று அது சொல்கிறது. குறிகேட்பது, ஜோதிடம், கைரேகை என எதிர்காலத்தைத் துருவும் வழிகளை எல்லாம் விலக்கச் சொல்கிறது. இவள் எந்தப் பக்கம்? இவள் தேடிப் போகவில்லை, அது வந்தது. ஆனால் ஏழாவது அத்தியாயத்தில் வேண்டுமென்றே முகங்களைத் தேடிப் பார்க்க ஆரம்பிக்கிறாள். அங்கே அவள் கோட்டைத் தாண்டுகிறாள். நீ அதைக் கவனிக்காமல் எழுதியிருக்கிறாய் என்று நினைக்கிறேன். இனிக் கவனித்து எழுது.

யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரமும் இதைத் தொடுகிறது. உயிர்த்த இயேசு, பேதுரு எப்படி இறப்பார் என்று அவருக்கே குறிப்பாகச் சொல்கிறார். பேதுரு உடனே திரும்பி, பின்னால் வந்த சீடரைக் காட்டி, இவருக்கு என்ன ஆகும் என்று கேட்கிறார். அதனால் உனக்கு என்ன, நீ என் பின்னால் வா என்பது போன்ற பதில்தான் கிடைக்கிறது. தன் சாவு தெரிந்த மனிதனுக்கு அடுத்த நொடியே பிறர் சாவைத் தெரிந்துகொள்ளத் தோன்றுகிறது! பிறர் சாவை மட்டும் காணும் வரத்தை உன் கதாநாயகிக்குக் கொடுத்திருக்கிறாய். அவளிடம் யாரேனும் இந்தப் பதிலைச் சொல்லியே ஆக வேண்டும். சாமியார் வேண்டாம். அவளுடைய அப்பா சொல்லட்டும்.

அவள் அப்பாவை விருத்தாசலத்தில் செராமிக் வேலை செய்கிறவராக வைத்திருக்கிறாயே, அவரைப் பயன்படுத்து. சூளையிலிருந்து இறக்கிய கோப்பையை விரலால் தட்டி, சத்தத்தை வைத்தே உள்விரிசலைச் சொல்லிவிடுகிற ஆள் அவர். அவருக்குத் தெரிவது அருளால் அல்ல, பழக்கத்தால். அவள் காணும் சாவுகளில் ஒன்றிரண்டாவது இப்படிக் கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களிலிருந்து ஊகிக்கக்கூடியவையாக இருக்கட்டும்: இருமலோடு துணியில் ரத்தம், குடித்துவிட்டு ராத்திரியில் வண்டி ஓட்டும் பழக்கம், மகனோடு பேச்சு நின்றுபோன தாயின் சாப்பிடாத தட்டு. அவள் காட்சி கண்டாளா, கவனித்தாளா என்று வாசகர் தயங்கட்டும். கவனித்தாள் என்றால் அவளால் ஏதாவது செய்திருக்க முடியும். அந்தக் குற்ற உணர்வு விதியின் மேல் பழிபோடுவதைவிட ஆழமாகக் குத்தும்.

ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. விருத்தாசலத்தை விருத்தகாசி என்பார்கள். அங்கே உயிர் பிரிந்தால் முக்தி என்று பழமலைநாதரை வணங்குகிறவர்கள் நம்புகிறார்கள். சாவை அஞ்சி ஓடாமல் அதற்கென்று வந்து சேரும் மனிதர்களும் உன் கதாநாயகி நடக்கும் தெருக்களில் இருந்திருக்கிறார்கள். உன் நாவலில் எல்லோரும் கிறிஸ்தவர்களாகவே இருக்கிறார்கள், அது உன் ஊர் இல்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருத்தி, "என் முகத்துல என்ன தெரியுது, சொல்லு கண்ணு" என்று தானாக வந்து கேட்கட்டும். அவளிடம் என்ன சொல்வது என்று உன் கதாநாயகி திணறுவாள். பயப்படாத ஒருவரை அவள் சந்திக்கும் முதல் தடவை அதுவாக இருக்கும்.

மார்க்கேஸ் 1981இல் வெளியிட்ட குறுநாவல் ஒன்றில் கொல்லப்படப்போகிறவன் யார் என்பது தொடக்கத்திலேயே வாசகருக்குத் தெரியும். கொல்லப்போகிற அண்ணன் தம்பி இருவரும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டே திரிகிறார்கள். ஆயர் வருகிற நாள் என்று ஊர் பரபரப்பாக இருக்கிறது. தடுத்திருக்க முடிந்தவர்கள் ஒவ்வொருவரும் ஏன் தடுக்கவில்லை என்பதுதான் கதை. கிடைத்தால் படி. முடிவைச் சொல்லிவிட்டும் விறுவிறுப்பைக் காப்பாற்றும் வித்தை அதில் தெரியும்.

ஆகவே, ஏழு சாவுகளை மூன்றாக்கு. ஒன்று அவள் கண்டபடியே நடக்கட்டும், அப்போதுதான் வாசகர் அவளை நம்புவார். ஒன்று அவள் சொன்னதாலேயே நடக்கட்டும். ஒன்று அவள் ஓடிப்போய்ச் சொல்லி, அவரும் கேட்டு, நடக்காமல் போகட்டும். எது எந்த வரிசையில் வர வேண்டும் என்பதை நீயே முடிவு செய், அவசரப்படாதே. முதலில் அந்தப் பாட்டி வரும் காட்சியை மட்டும் எழுதி அனுப்பு. அவளுக்கு என்ன பதில் சொல்லப்பட்டது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆவலாக இருக்கிறது.

அன்புடன்,
உன் பெரியப்பா